சாம்பலில் ஆறிய பட்டை

டீமேக்கர் கணேசமூர்த்தியின் லேண்ட்ரோவர் பொகவந்தலாவைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது அதன் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தரையைத் தடவியது. குந்தியிருக்கும் நாயை யாரோ கயிறு கட்டி இழுத்து வருவது போலிருந்தது. ரொட்டிக்கடை வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜமால்தீன் நானாவின் கராஜுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் துருத்தி இழுத்துக்கொண்டிருந்த காளியாயி சிரிக்கவில்லை. வண்டியைப் பார்க்கும் முன்பே அதன் சத்தம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் அவள் வெள்ளைப்பாறைத் தோட்டத்தை விட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களோடு நடந்து வந்திருந்தாள்.

அப்போது அவளுக்குத் தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில் தூள் சலிக்கிற வேலை. ஸ்டோரிலிருந்து தூள் மூட்டை மூட்டையாகக் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். வெள்ளைக்காரத் தொரை கேட்கத் தொடங்கியதும் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கருக்கு ஒரு கள்ளன் தேவைப்பட்டது. ஒரு மழை நாளில், வேலை முடிந்து வரிசையாக வெளியே வந்த பெண்களை அப்படியே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு நடத்திப்போய், காளியாயியை மட்டும் முன்னால் வரச்சொன்னான்.

"சீலைய உதறு."

ஆளுக்கொரு பிடி தூளை மடியில் முடிந்துகொண்டு போவது அங்கே எல்லாரும் செய்வதுதான். வாசல் காவல்காரனுக்கும் தெரியும், டீமேக்கருக்கும் தெரியும். வீட்டுத் தேத்தண்ணீர்க் கேத்தலுக்கு வேறெங்கே போவது? காளியாயி உதறினாள். ஒரு பிடித் தூள் ஈரமண்ணில் விழுந்தது. அவன் விடவில்லை. முந்தானை, கொசுவம் என்று ஒவ்வொன்றாக அவிழ்த்து உதறச் சொன்னான். ஆண்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மூட்டை மூட்டையாப் போனதெல்லாம் இவ மடி வழியாத்தான் போயிருக்கு" என்று தொரையிடம் சொன்னான். அவள் பக்கத்தில் நின்று தூள் சலித்தவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

பேர் வெட்டி, வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, குடியிருந்த லயத்துக் காம்பராவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புருஷன் அழகனின் பேரும் சேர்ந்தே போனது. அவன் கொஞ்ச நாள் கடைத்தெருவில் முகம் காட்டாமல் ஒடுங்கிக் கிடந்தான். பிறகு, "கள்ளச்சி புருஷன்னு பேர் வாங்கிக்கிட்டு இங்க இருக்க என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டுத் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறினான். இந்தியாவிலிருந்து கூப்பிட்டனுப்புவதாகச் சொன்னான். கூப்பிடவில்லை.

தம்பி பொன்னையாதான் அவளைத் தன் உலைக்குக் கூட்டி வந்தான். வண்டியின் பாரம் தாங்கும் வில்லுப்பட்டைகளை நிமிர்த்துவதில் அந்த மலைப்பக்கத்தில் அவனுக்கு நல்ல பேர். அவள் துருத்தி இழுத்தாள். சம்மட்டி போடவும் பழகிக்கொண்டாள். கைகள் காய்ப்புக் காய்த்தன. முகத்தில் கரி நிரந்தரமாக ஏறிவிட்டது. அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. ஆனால் பழுத்த இரும்பின்மேல் சம்மட்டியை இறக்கும்போது உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பாள். அது யாருடைய பேர் என்று பொன்னையாவுக்குத் தெரியும்.

அந்தப் பேருக்குரியவன்தான் இப்போது வண்டியிலிருந்து இறங்கி, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொட்டகைக்குள் வந்தான். பழைய தொரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன லேண்ட்ரோவரைத் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தான். ஓட்டி வந்தவன் இராமையா, அதே தோட்டத்து லயத்துக்காரன். காளியாயியைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"வாங்கோ வாங்கோ, டீமேக்கர் ஐயா" என்றார் ஜமால்தீன் நானா. "வண்டி என்ன, இப்பிடிக் குந்திக்கிட்டு ஈக்கிது?"

"அதைத்தான் கேக்க வந்தேன். புதுத் தொரை ஒரு மாதிரியான ஆள். வண்டி பின்னால தாழ்ந்து போறதைக் கண்டா நிப்பாட்டிக் கதவைத் திறந்து பாக்கிறான். சும்மா போனாலும் பாரம் ஏத்தின மாதிரித் தெரியுதாம். எனக்கு மானம் போகுது." பொன்னையாவின் பக்கம் திரும்பினான். "நிமித்திக் கொடு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடப் போடு. எவ்வளவு ஏத்தினாலும் நிமிந்துதான் நிக்கணும். தேர்த் திருவிழாவுக்கு முதல் வேணும்."

"செஞ்சி தாறேங்க ஐயா."

வண்டியின் அடியைக் காட்டும்போது டீமேக்கரின் விரல்களில் மசகு பட்டுவிட்டது. சுற்றிப் பார்த்தவன், துருத்தியருகே நின்ற காளியாயியிடம், "ஏய், அந்தத் தண்ணிய எடு" என்றான்.

அவள் செம்பை எடுத்துக்கொண்டு வந்து அவன் கையில் ஊற்றினாள். ஒரு முழத் தூரத்தில் முகத்துக்கு முகம் நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். கையைத் தேய்த்தான், "இன்னும் ஊத்து" என்றான், மறுபடி பார்த்தான். அவன் கண்ணில் ஒன்றுமில்லை. யாரோ ஒரு பொம்பிளை. கையை உதறிவிட்டுப் போய், கடைத்தெருவில் தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தான்.

காளியாயி காலிச் செம்போடு அப்படியே நின்றாள். இத்தனை வருஷமாக அவள் அவனை நினைக்காத நாளில்லை. அவனுக்கோ அவள் முகம்கூட நினைவில் இல்லை. உதறச் சொன்னதைவிட இது அதிகமாகச் சுட்டது.

இராமையா பொன்னையாவுக்கு உதவியாக வண்டியைத் தூக்கி மரக்கட்டை வைத்தான். பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டதும் அவன் நாக்குக் கொஞ்சம் தளர்ந்தது.

"பட்டை இப்பிடிப் படுத்துருக்கே, என்னதான்பா ஏத்துறீங்க?" என்று கேட்டான் பொன்னையா.

"கேக்காத. விறகுன்னு சொல்லு, வாழைக்காய்ன்னு சொல்லு. தேரன்னிக்குச் சனமெல்லாம் கோயில்ல நிக்கும். அன்னிக்கு ஒரு பெரிய நடை இருக்கு. அதுக்குத்தான் இந்த அவசரம்." பீடியை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா நல்லா இருக்காங்களா?"

"ஒனக்குப் பின்னாலதான் நிக்கிறா. நீயே கேளு."

இராமையா திரும்பவில்லை.

பொன்னையா வேலையைத் தொடங்கினான். பின்பக்கத்து வில்லுகள் இரண்டையும் கழற்றி, பட்டை பட்டையாகப் பிரித்துத் துருவைச் சுரண்டினான். பாரம் தாங்கித் தாங்கி அவை வளைவு மறந்து, நேர்க்கோடாகக் கிடந்தன. ஒவ்வொன்றையும் உலையில் பழுக்கவைத்து, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் வளைவு கொடுத்தான். எண்ணெயில் முக்கிப் பதம் வைத்தான். மறுபடி இளஞ்சூடு காட்டி, நீலம் படரும்போது எடுத்தான். கூடப் போடவேண்டிய பட்டைகளையும் அதேபோலச் செய்தான். வேலை முடிந்த பட்டையைத் தட்டினால் கோயில் மணி மாதிரிக் கணீரென்றது. அது அவன் பெருமை. அதைக் கேட்காமல் எந்தப் பட்டையையும் வெளியே விடமாட்டான்.

வில்லை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் பெரிய போல்ட்டுகள் தேய்ந்திருந்தன. அவற்றை வாங்க அவன் காலை பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனான். ஜமால்தீன் நானா லொறி ஒன்றின் அடியில் கிடந்தார். கொட்டகையில் காளியாயி தனியாக நின்றாள்.

முதலில் அவள் ஒன்றும் செய்யவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த பட்டைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கரி போட்டாள்.

உலை பிடித்ததும் நீளமான பட்டை ஒன்றை நெருப்பில் வைத்துத் துருத்தியை இழுத்தாள். இரும்பு கருஞ்சிவப்பாகி, பிறகு கொவ்வைப்பழமாகச் சிவந்தது. காலடியில் ஓடைத்தண்ணீர் வாளி இருந்தது. அதில் முக்கினால் போதும். பதம் இறக்காமல் பச்சைத்தண்ணீரில் முக்கிய பட்டை கண்ணாடி மாதிரி. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஏதோ ஒரு கொண்டையூசி வளைவில் படாரென்று இரண்டாகும். கீழே பள்ளத்தாக்கு. கதை முடிந்தது.

குறட்டில் பிடித்த பட்டையை அவள் வாளிக்கு மேலே கொண்டுபோனாள். சூட்டில் தண்ணீரிலிருந்து ஆவி எழுந்தது.

வண்டியை ஓட்டுகிறவன் இராமையா. அவனுக்கு அழகம்மா என்று ஒரு பெண்டாட்டி இருக்கிறாள். அது ஒன்று. அதைவிடப் பெரிதாக இன்னொன்று அவள் கையைப் பிடித்தது. டீமேக்கர் செத்தால் என்ன நடக்கும்? தோட்டத்தில் வேலை நிறுத்துவார்கள். தொரை வந்து நிற்பார். பெட்டிமேல் மாலை விழும். 'நல்ல மனுசன்' என்று நாலு பேர் சொல்லுவார்கள். அவளை யாரென்றே தெரியாமல், அவளுக்குத் தான் செய்தது என்னவென்றே தெரியாமல் போய்ச் சேர்ந்துவிடுவான். அது அவனுக்குத் தண்டனையா? அவன் சாகக்கூடாது. நிற்கவேண்டும். அவள் நின்ற மாதிரி, அத்தனை கண்களுக்கும் நடுவில் நிற்கவேண்டும்.

குறட்டைத் திருப்பி, பட்டையை உலைக்குப் பக்கத்துச் சாம்பல் குழிக்குள் புதைத்தாள். சாம்பலுக்குள் மெல்ல மெல்ல ஆறுகிற இரும்பு, பதமெல்லாம் போய்ச் சவத்துப்போகும். வளைவு இருக்கும், வீரியம் இருக்காது. சும்மா நின்றால் நிமிர்ந்து நிற்கும். பாரம் ஏறினால் படுத்துவிடும்.

நீளப்பட்டைகள் அத்தனையையும் அப்படியே செய்தாள். ஆறியதும் சாம்பலைத் துடைத்து, பழைய எஞ்சின் எண்ணெயும் கரியும் பூசி, இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தாள்.

பொன்னையா பின்னேரம் திரும்பி வந்து வில்லைக் கட்ட உட்கார்ந்தான். முதல் பட்டையை எடுக்கும்போது அது கைநழுவிக் கல்லில் விழுந்தது. கணீரென்று கேட்கவேண்டிய இடத்தில் 'தொப்'பென்றது.

அவன் அடுத்ததை எடுத்துச் சுத்தியலால் தட்டினான். மரக்கட்டையைத் தட்டின மாதிரி இருந்தது. மூன்றாவதையும் தட்டினான். பிறகு சாம்பல் குழியைப் பார்த்தான். கடைசியாக அக்காவைப் பார்த்தான்.

"என்ன செஞ்ச?"

"தெரியுதுல்ல."

"இது என் கை வேலை அக்கா. என் பேர் இருக்கு. நானாவோட கராஜு பேர் இருக்கு. யாரைக் கேட்டுச் செஞ்ச?"

"என்னை உதறச் சொன்னப்போ அவன் யாரைக் கேட்டான்?"

பொன்னையா சுத்தியலைக் கீழே போட்டான். "ரோட்டுல எங்கயாவது ஒடஞ்சா? இராமையாவும் சேந்து போவானே, அதை நெனச்சியா?"

"நெனச்சேன். அதனாலதான் வாளியில முக்கல. சாம்பல்ல போட்டேன். ஒடையாது தம்பி. படுக்கும். நீ சொல்லு, ஒடையுமா?"

அவன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொய் சொல்ல அவனால் முடியவில்லை. "ஒடையாது" என்றான். "சும்மா ஓடினா நிக்கும். பாரம் ஏத்தினா பாய் விரிச்ச மாதிரி ஆயிரும்."

"அவ்வளவுதான் எனக்கு வேணும். நேர்மையா வச்சிருந்தான்னா வண்டி நிமிந்து நிக்கும். களவாண்டா குந்தும். இதுல என்ன தப்பு?"

"தப்பு என்னன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும். மறுபடி பதம் வைக்கணும்னா வை. நான் துருத்தி இழுக்கிறேன். ஆனா அதுக்கப்பறம் இந்தப் பட்டறையில நான் இருக்கமாட்டேன்."

 வெளியே மூடுபனி இறங்கிக் கடைத்தெருவை மறைத்தது. கடைசியில் அவன் போல்ட்டுகளை எடுத்தான். பட்டைகளை அடுக்கி, வில்லைக் கட்டி, வண்டியில் ஏற்றி இறுக்கினான். அன்றிலிருந்து அவளோடு அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் வண்டியை எடுக்க வந்த டீமேக்கர் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பின்பக்கம் அம்சமாக நிமிர்ந்திருந்தது. "வேலைன்னா இது வேலை" என்று பொன்னையாவின் தோளில் தட்டினான். பொன்னையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தேர்த் திருவிழாவன்று காளியாயி குளித்து முழுகி, இருந்த ஒரே நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு வெள்ளைப்பாறைக்கு மலையேறினாள். பேர் வெட்டப்பட்ட பிறகு அவள் அந்த மண்ணை மிதிக்கவில்லை. மாரியம்மனைக் கும்பிட வருகிறவளை யார் தடுப்பார்கள்? சிலர் அவளைக் கண்டு ஒதுங்கினார்கள். சிலர் தலையாட்டினார்கள். அவள் யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் தேரோடு நடந்தாள். பறையும் உறுமியும் முழங்க, காகிதப் பூக்கட்டிய தேர் லயங்களைச் சுற்றிவிட்டு ரோட்டுக்கு வந்தது. புதுத் தொரை ஒரு சிங்களத்து மனிதர். கழுத்தில் மாலையோடும் நெற்றியில் திருநீறோடும் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

தேர் மத்தியானம் வரை கோயிலடியில்தான் நிற்கும் என்று டீமேக்கர் கணக்குப் போட்டிருக்கவேண்டும். ஆனால் வானம் மழைக்கு இருட்டியதால் பூசாரி அவசரப்படுத்தியிருந்தார். பெரட்டுக்களத்துக்கு மேலேயுள்ள வளைவில் தேர் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஸ்டோர்ப் பக்கமிருந்து லேண்ட்ரோவர் இறங்கி வந்தது.

காளியாயி அதைப் பார்த்தாள். முன்பக்கம் வானத்தைப் பார்க்க, பின்பக்கம் அடியோடு படுத்திருந்தது. சக்கரம் இரண்டும் உடம்புத் தகரத்தில் உரசி, ரப்பர் கருகிய நாற்றத்தோடு புகை கிளம்பியது. தேரைக் கண்டதும் இராமையா பிரேக்கை மிதித்தான். வண்டி ஒருதரம் குலுங்கி நின்றது. பிறகு எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. ரோட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

பறை நின்றது. டீமேக்கர் குதித்து இறங்கி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இப்ப எடுத்துருவோம்" என்று கையை ஆட்டினான்.

காளியாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். அவள் குரல் கணீரென்று எழுந்தது.

"ஐயாவோட வண்டி குந்திருச்சு! ஆம்பிளைங்க வந்து கை குடுங்க! பாரத்த எறக்கினாத்தான் நவுரும்!"

"வேணாம்! யாரும் கிட்ட வர வேணாம்! நீங்க தேரைப் பாருங்க!"

"தேரு எப்பிடிங்க ஐயா போவும்? ஆத்தா வழியில நிக்கிறா. ஆத்தாவ மறிச்சிக்கிட்டு வண்டி நிக்கலாமுங்களா?"

அது போதுமானதாக இருந்தது. பூசாரியே கையைத் தூக்கி, "எறக்குங்கப்பா, எறக்கித் தள்ளுங்க!" என்று கத்தினார். வடம் பிடித்திருந்த இளவட்டங்கள் ஓடினார்கள். டீமேக்கர் பின்கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றான். அவர்கள் சிரித்துக்கொண்டே, வேண்டாமென்று மறுக்கும் விருந்தாளியை நகர்த்துவது மாதிரி, அவனைத் தோளைப் பிடித்து ஓரமாக வைத்தார்கள். கதவு திறந்தது. மேலே வாழை இலைக்கட்டு இருந்தது, அதற்குக் கீழே விறகு, அதற்கும் கீழே அடுக்கடுக்காகச் சணல் மூட்டைகள். முதல் மூட்டையை இழுத்தவன் தடுமாறிக் கீழே போட, தையல் விட்டுத் தூள் ரோட்டில் கொட்டியது. கறுத்த, முதல்தரமான தூள். மழைக்காற்றில் அதன் வாசம் கூட்டம் முழுக்கப் பரவியது. அங்கே நின்ற எவருக்கும் அந்த வாசத்தை விளக்கவேண்டியதில்லை.

தொரை மெதுவாக நடந்து வந்தார். "என்ன இது, டீமேக்கர்?"

"சாம்பிள், சேர். ஹட்டனுக்கு."

"இவ்வளவு சாம்பிளா?"

 டீமேக்கர் சட்டென்று இராமையாவைக் காட்டினான். "இவன் ஏத்தியிருக்கான் சேர். எனக்குத் தெரியாது. கள்ளப்பயல்!"

இராமையா ஸ்டீரிங்கை விட்டுக் கையை எடுத்தான். இறங்கினான்.  தேரில் இருந்த அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தொரையின் முன்னால் வந்து நின்றான்.

"ஆத்தா முன்னால பொய் சொல்லாதீங்க ஐயா. ஓட்டினது நான்தாங்க தொரை. ஏத்தச் சொன்னது இவரு. இன்னிக்கு நேத்தா? வெள்ளைக்காரத் தொரை காலத்திலேயே நடக்குது." காளியாயியின் பக்கம் கையை நீட்டினான், ஆனால் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "இந்த அக்காவப் பெரட்டுல நிப்பாட்டி உதறச் சொன்னாரே, அதுக்கு மொத நாளும் நான்தான் மூட்டை கொண்டுபோனேன். அன்னிக்கு நானும் வாயத் தெறக்கல."

காளியாயி டீமேக்கரின் முன்னால் போய் நின்றாள்.

"இப்ப தெரியுதுங்களா என்னை?"

அவன் விழித்தான்.

"அன்னிக்குக் கராஜுல கையில தண்ணி ஊத்தினேனே, அப்பகூடத் தெரியல. நான் காளியாயி. சலிப்பு வேலைக்காரி." அவள் அடித்தொண்டையில் பேசினாலும் ஒவ்வொரு சொல்லும் பின்வரிசை வரைக்கும் கேட்டது. "உதறுங்க."

"என்னடி சொல்றே?"

"கோட்டைக் கழட்டி உதறுங்க. அப்பறம் சட்டைப்பை. கால்சட்டைப்பை. நான் உதறினேன்ல? எல்லாரும் பாத்தாங்கல்ல?"

டீமேக்கர் தொரையைப் பார்த்தான். தொரை தடுப்பார் என்று எண்ணியிருப்பான். தொரை கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு தேரின் பக்கம் திரும்பி நின்றார். சனம் வட்டமாக நெருங்கியது. கணேசமூர்த்தி கோட்டைக் கழற்றினான். இரண்டு கையாலும் பிடித்து உதறினான். சாவிக்கொத்து விழுந்தது. பைகளை வெளியே இழுத்தான். கைக்குட்டையும் மூக்குப்பொடி டப்பாவும் விழுந்தன. வெளியே தொங்கிய வெள்ளைப் பைத்துணிகளோடு, கோட்டில்லாமல், அவன் சிறுத்துப்போய் நின்றான்.

பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி குலவை போட்டாள். காளியாயி அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"சிரிக்கிறீங்களா? அன்னிக்கு இந்த வாயெல்லாம் எங்க போச்சி?"

சிரிப்பு நின்றது. அவள் யாரையும் பார்க்காமல் மலையிறங்கினாள். பின்னால் பறை மறுபடி ஒலித்தது. மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே நடந்தாள். உடம்பெல்லாம் சூடாக இருந்தது. வழியில் ஓரிடத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று, வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

ஆனால் காரியங்கள் அவள் நினைத்த கணக்கில் முடியவில்லை. கம்பெனியின் பேர் கெட்டுவிடும் என்று பொலிஸுக்குப் போகாமலே விஷயத்தை மூடினார்கள். டீமேக்கர் தானாக வேலையை விட்டுப் போவதாக ஏற்பாடாயிற்று. இராமையாவுக்கு அந்தச் சலுகை இல்லை. கள்ளனுக்கு வண்டி ஓட்டினவனும் கள்ளன்தான் என்று அவனுக்குப் பத்துச்சீட்டு.

அவன் பெண்டாட்டி அழகம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். தலையில் தகரப்பெட்டி, இடுப்பில் கைப்பிள்ளை.

"ஒனக்கு நடந்தது எனக்கும் நடந்திருச்சி. இப்ப வயிறு குளுந்திச்சாடி?"

காளியாயி துருத்தியை நிறுத்தினாள். "அவனை நெனச்சா குளுந்திச்சி. நெசத்தைத்தான் சொல்றேன். ஒன்னையப் பாத்தா இல்ல."

பெட்டியைத் தன் கையாலேயே இறக்கி வைத்தாள். நேரே கராஜுக்குப் போய், "நானா, மரக்கறி லொறிக்கு ஆள் வேணும்னீங்களே" என்று தொடங்கி, அவர் சரி சொல்லும் வரைக்கும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இராமையாவுக்கு வேலை கிடைத்தது. அழகம்மா அவளோடு அதற்குப் பிறகும் சரியாகப் பேசவில்லை. காளியாயி அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

தோட்டத்துக் கங்காணி ஒருநாள் வந்து, தொரை அவள் பேரை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கிறார் என்றார்.

"வெட்டினது பெரட்டுல வச்சு. சேக்கிறதுன்னா அங்கேயே வச்சு, இவ கள்ளச்சி இல்லன்னு தொரை வாயால சொல்லட்டும். வாறேன்."

கங்காணி போனவர்தான். திரும்பி வரவில்லை.

லேண்ட்ரோவரை மாடு கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே கணேசமூர்த்தியும் வந்து சத்தம் போட்டான். "என்ன வேலை செஞ்சிருக்கீங்க? ஒரே நாள்ல படுத்துருச்சு!"

ஜமால்தீன் நானா தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "வேலையில குத்தம்னு சொல்றீங்களா? செரி. என்ன பாரம் ஏத்தின நீங்க? எத்தன மூட்ட? அதச் சொல்லுங்கோ, பொறகு குத்தத்தப் பாப்பம்."

 உலைப் பக்கம் திரும்பிய கணேசமூர்த்தி காளியாயியைக் கண்டான். அவள் குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வேகமாக வெளியே போனான்.

நானா எல்லாவற்றையும் ஊகித்திருப்பார். பொன்னையாவிடம், "இனி இப்பிடி ஒண்டு என்ட எடத்துல நடக்கப்படாது" என்று மட்டும் சொன்னார்.  பொன்னையா வில்லுகளைக் கழற்றி, ஒவ்வொரு பட்டைக்கும் மறுபடி பதம் வைத்தான். காளியாயிதான் துருத்தி இழுத்தாள்.  ஒவ்வொரு பட்டையும் கணீரென்ற பிறகுதான் அவன் அடுத்ததைத் தொட்டான். கொள்ளைக்காரன் வண்டியானாலும் கெட்ட வேலை தன் பட்டறையை விட்டு ரோட்டில் ஓடுவதை அவனால் பொறுக்கமுடியவில்லை. வண்டி நிமிர்ந்து நின்று வெளியே போயிற்று.

மாரிக்காலம் முடியும் தறுவாயில் இராமையா லொறியிலிருந்து ஒரு சேதியோடு இறங்கினான். கணேசமூர்த்திக்கு வட்டகொடைப் பக்கத்தில் இன்னொரு தோட்டத்தில் டீமேக்கர் வேலை கிடைத்துவிட்டதாம். ஸ்டேஷனில் லேண்ட்ரோவர் நிற்பதைத் தன் கண்ணால் பார்த்தானாம். கணேசமூர்த்தி புதுக் கோட்டுப் போட்டிருந்தானாம்.

காளியாயி சம்மட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் முகத்துக் கரியைத் தேய்த்துக் கழுவினாள். கன்னம் சிவக்கத் தேய்த்தாள். தலையை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு வந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டான் பொன்னையா. அந்த வில்லைக் கட்டிய நாளுக்குப் பிறகு அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

"வட்டகொடைக்கு. அங்கயும் சலிப்பு வேலைக்காரிங்க இருப்பாங்கல்ல. பீலியடியில தண்ணி எடுக்க வருவாங்க. ஆளு யாருன்னு அவங்களுக்குத் தெரியவேணாமா?"

"சொல்லி என்ன ஆவப் போவுது?"

"நாளைக்கு அவன் ஒருத்திய முன்னால கூப்பிட்டு நிப்பாட்டினான்னா, மத்தவளுங்க தலையக் குனியாம நிப்பாளுங்க. ஒருத்தியாவது நிப்பா. இல்லாட்டியும் பரவாயில்ல, அவன் நிம்மதியாத் தூங்கக்கூடாது தம்பி. அவ்வளவுதான்."

ஹட்டன் பஸ் கடைத்தெருவில் ஹோர்ன் அடித்தது. பொன்னையா சாக்குத்திரைக்குப் பின்னால் போய்த் தன் கம்பளியை எடுத்துவந்து அவள் தோளில் போட்டான்.

"அங்க பனி ஜாஸ்தி" என்றான். "நாளைக்கு உருளைக்கிழங்கு ஏத்த இராமையா அந்தப் பக்கந்தான் போறான். வரும்போது அவன் லொறியில வா."

"ஒரு நாள்ல முடியிற வேலையில்ல தம்பி இது" என்று சொல்லிவிட்டுக் காளியாயி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.